குழந்தைகளின் ஹார்மோன் நோய்கள்: நம் மருத்துவர்களுக்கு ஆய்வுப் பயிற்சி எங்கே இருக்கிறது?



சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன் நம் டிரஸ்ட்டின் மருத்துவ உதவிப் பிரிவுக்கு ஓர் உம்மா தன் எட்டு மாதக் குழந்தையோடு வந்தார். குழந்தை அழுவதே இல்லை, நாள் முழுக்கத் தூங்குகிறது, இவ்வளவு சாதுவான பிள்ளையை நாங்கள் பார்த்ததே இல்லை என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். தலை நிற்கவில்லை, மலச்சிக்கல் தீரவில்லை, நாக்கு தடித்து வெளியே தெரிகிறது என்ற பிறகுதான் டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு ஹார்மோன் அறவே இல்லை. ஸ்கேனில் தைராய்டு சுரப்பியே உருவாகவில்லை என்று தெரிந்தது.

மருந்து என்னவோ மிக எளிது. தினமும் ஒரு சிறிய தைராக்ஸின் மாத்திரை, பொடித்து ஒரு கரண்டி நீரில் கலந்து கொடுக்க வேண்டும். ஒரு டீயின் விலைகூட ஆகாது. ஆனால் பிறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கியிருந்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய குழந்தை அது. எட்டு மாதத்தில் தொடங்கும்போது உடல் தேறும். மூளை இழந்ததை முழுவதும் மீட்க முடியாது. அந்தக் குழந்தையின் வாப்பா எங்களிடம் பணம் கேட்கவில்லை. "இதை மட்டுமே பார்க்கிற டாக்டர் நம்ம பக்கத்தில் யார் இருக்காங்க?" என்றுதான் கேட்டார். நாங்கள் விசாரித்து எழுதிய பட்டியல் அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. அதில் நம் மாவட்டத்துப் பெயர் ஒன்றுகூட இல்லை.

இந்த மாதக் கல்வி வழிகாட்டிப் பகுதியில் இந்தத் துறையை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். நம் சமுதாயத்தில் எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளைகள், அல்ஹம்துலில்லாஹ், இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர்களும் உண்டு. அதற்கு மேல் போகிறவர்கள் குறைவு. ஆய்வு என்ற சொல்லைக் கேட்டதும் "அது நமக்கெதற்கு, கிளினிக் போட்டோமா பார்த்தோமா" என்று நின்றுவிடுகிறார்கள்.

முதலில் துறையைப் பற்றி. குழந்தைகளின் சுரப்பிகள் தொடர்பான நோய்களைப் பார்ப்பது பீடியாட்ரிக் எண்டோகிரைனாலஜி. தைராய்டு குறைபாடு, முதல் வகை நீரிழிவு, வளர்ச்சிக் குறைவு, ஆறு ஏழு வயதிலேயே பூப்படைதல் அல்லது பதினைந்து வயதாகியும் பூப்படையாமை, வைட்டமின் டி குறைபாட்டால் வரும் எலும்பு நோய், அட்ரினல் சுரப்பிக் கோளாறுகள் ஆகியவை இதில் அடங்கும். அட்ரினல் கோளாறுகளில் ஒன்று பிறவியிலேயே வருவது. பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பு ஆண் பிள்ளையுடையதைப் போலத் தோன்றலாம்; ஆண் குழந்தைக்கு வெளியே எதுவும் தெரியாது. இரண்டாவது வாரத்தில் வாந்தி எடுத்து, உடலில் உப்புச் சத்து இறங்கி, வயிற்றுப்போக்கு என்று நினைத்து வைத்தியம் பார்ப்பதற்குள் குழந்தை மவ்த்தாகிவிடும். காரணம் தெரியாமல் போன பச்சிளங் குழந்தைகளில் இப்படி எத்தனை இருந்திருக்கும் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

இவை எங்கோ அரிதாக வருபவை என்று எண்ண வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் ஆகிய ஐந்து நகரங்களில் 1,04,066 பச்சிளங் குழந்தைகளைப் பரிசோதித்து 2018ல் முடிவுகளை வெளியிட்டது. பிறவித் தைராய்டு குறைபாடு மொத்தத்தில் 1,130 குழந்தைகளுக்கு ஒன்று. சென்னையில் 727க்கு ஒன்று. பிறவி அட்ரினல் கோளாறு மொத்தத்தில் 5,762க்கு ஒன்று. சென்னையில் 2,036க்கு ஒன்று. இரண்டிலும் சென்னைதான் முன்னால் நிற்கிறது. கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இப்பரிசோதனை ஒரு திட்டமாகவே செய்யப்படுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்றை மறைக்காமல் பேசலாம். பிறவி அட்ரினல் கோளாறு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுதுபட்ட மரபணு சேரும்போது வருகிறது. சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்யும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது. மார்க்கம் அனுமதித்த நிக்காஹ் அது. அதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் மற்றச் சமூகங்களிலும் மாமன் மகளைக் கட்டும் வழக்கம் உண்டு. ஆனால் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் வந்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்ல, அந்தக் குடும்பத்தின் பழக்கவழக்கம் தெரிந்த, அவர்கள் நம்பிக் கேட்கிற ஒரு டாக்டர் வேண்டும். மேலே சொன்ன எட்டு மாதக் குழந்தையின் நோய் இந்த வகை அல்ல. சுரப்பி உருவாகாமல் போவது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. "சொந்தத்துல கட்டினதால வந்தது" என்று அந்த உம்மாவைப் பலர் குத்திப் பேசியிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லவும் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லை.

சரி, மருத்துவர் வேண்டும். ஆய்வுப் பயிற்சி எதற்கு? இதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம்.

கனடாவின் கியூபெக் நகரில் ஷான் டுஸோ என்ற மருத்துவர் இருந்தார். கலிஃபோர்னியாவில் டெல்பர்ட் ஃபிஷர் என்பவரிடம் தைராய்டு ஆய்வில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். கியூபெக்கில் அப்போது வேறொரு நோய்க்காக எல்லாப் பச்சிளங் குழந்தைகளின் குதிகாலில் குத்தி வடிகட்டித் தாளில் இரத்தச் சொட்டு எடுக்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. அந்த உலர்ந்த சொட்டிலேயே தைராய்டு ஹார்மோனையும் அளந்தால் என்ன என்று அவர் யோசித்தார். அளக்கும் முறை அவர் பயிற்சியில் கற்றது. 1974ல் அங்கே திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் பல நாடுகளுக்குப் பரவியது. இன்று உலகின் பல நாடுகளில் இந்த நோயால் புத்தி மந்தமான பிள்ளைகளைப் பார்ப்பதே அபூர்வம். அவர் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. மருந்து முன்பே இருந்தது; யாருக்கு வேண்டும் என்று நேரத்தில் கண்டறிய வழிதான் இல்லாதிருந்தது.

அடுத்தது நம் காலத்தில் நடந்தது. பிறந்த ஆறு மாதத்துக்குள் சில குழந்தைகளுக்குச் சர்க்கரை நோய் வரும். எல்லோருக்கும் வாழ்நாள் முழுக்க இன்சுலின் ஊசிதான் என்று நினைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரிலுள்ள ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லியின் குழு 2004ல் இந்தக் குழந்தைகள் பலரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டது. அந்த மாற்றம் இருந்தால் பெரியவர்கள் சாப்பிடும் பழைய சர்க்கரை மாத்திரை ஒன்றே வேலை செய்யக்கூடும் என்று தோன்றியது. கொடுத்துப் பார்த்தார்கள். 2006ல் வெளியான ஆய்வில் 49 பேரில் 44 பேர் இன்சுலினை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறினார்கள். நாளுக்கு மூன்று நான்கு ஊசி குத்திய கைக்குழந்தைக்கு இது எப்படிப்பட்ட விடுதலை என்று பெற்றவர்களைத்தான் கேட்க வேண்டும். எக்ஸிடர் ஆய்வகம் இத்தகைய குழந்தைகளுக்கு உலகின் எந்த நாட்டிலிருந்து மாதிரி வந்தாலும் இலவசமாக மரபணுப் பரிசோதனை செய்து தந்திருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இவ்வகை நீரிழிவுக்குப் பதிவேடு ஒன்றை நடத்துகிறது. ஆனாலும் ஊரில் இருக்கும் டாக்டருக்கு இப்படி ஒன்று உண்டு என்று தெரிந்து, அந்த இரத்த மாதிரியை அனுப்பினால்தானே குழந்தைக்குப் பலன்? ஆய்வு படித்துப் பழகியவர் அனுப்புவார். பழகாதவர் ஊசியையே தொடர்வார்.

இனி வழி. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, குழந்தை மருத்துவத்தில் எம்.டி. மூன்றாண்டு, அதன்பின் டி.எம். மூன்றாண்டு. குழந்தைகளின் ஹார்மோன் நோய்க்கென்றே தனி டி.எம். சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது. இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பலர் இங்கேயே சோர்ந்துபோகிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி: குழந்தை மருத்துவ எம்.டி. முடித்தவர்கள் பொது எண்டோகிரைனாலஜி டி.எம். படிப்புக்கும் நீட் எஸ்.எஸ்., ஐ.என்.ஐ. எஸ்.எஸ். தேர்வுகள் வழியாகச் செல்லலாம். அந்தப் படிப்பு சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் என்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதை முடித்துக் குழந்தைகளையே தம் துறையாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

டி.எம். கிடைக்காதவர்களுக்குச் சில மருத்துவமனைகள் ஓராண்டு, ஈராண்டு ஃபெல்லோஷிப் தருகின்றன. நல்ல ஆசிரியர் இருக்கும் இடமென்றால் அது பெரிய பாக்கியம். ஆனால் சேருமுன் அந்தச் சான்றிதழை யார் அங்கீகரிக்கிறார்கள், நாளை பெயருக்குப் பின்னால் போட அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் கட்டினால் வீட்டிலிருந்தே ஆறு மாதத்தில் ஃபெல்லோஷிப் என்று வரும் விளம்பரங்கள் இப்போது வாட்ஸ்அப்பில் அதிகம். ஒரு நோயாளியையும் பார்க்காமல் வாங்கும் அந்தத் தாளுக்கு நம் டிரஸ்ட் ஒரு ரூபாயும் தராது. பிள்ளைகளும் ஏமாற வேண்டாம்.

ஆய்வைக் கற்க டி.எம். வரை காத்திருக்கவும் தேவையில்லை. எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே ஐ.சி.எம்.ஆர். 1979லிருந்து நடத்தும் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் இருக்கிறது. ஒரு பேராசிரியரின் வழிகாட்டுதலில் இரண்டு மாதத்தில் முடியக்கூடிய சிறிய ஆய்வொன்றை எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானால் உதவித்தொகை உண்டு. தொகையைவிட, ஒரு கேள்வியை எப்படி எழுதுவது, நெறிமுறைக் குழுவிடம் எப்படி அனுமதி வாங்குவது என்று இருபது வயதில் தெரிந்துகொள்வதுதான் ஆதாயம். நம் ஊர்ப் பிள்ளைகள் இதற்கு விண்ணப்பித்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை. சீனியர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மேற்படிப்பு மருத்துவர்களுக்கு ஆய்வின் அடிப்படைகளைக் கற்பிக்கும் இணையவழிப் பாடத்தைச் சென்னை அயப்பாக்கத்திலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்துகிறது. எம்.டி. மாணவர்களுக்கு அது கட்டாயம். பெரும்பாலோர் சான்றிதழுக்காக ஓட்டிவிடுகிறார்கள் என்று ஆசிரியர்களே வருந்துகிறார்கள். அந்தப் பாடத்தை உண்மையாகப் படித்து, எம்.டி. ஆய்வேட்டுக்குக் குழந்தைகளின் ஹார்மோன் நோய் ஒன்றைத் தலைப்பாக எடுத்தவருக்கு அடுத்த கதவு எளிதில் திறக்கும். ஆய்வேட்டுச் செலவுக்கும் ஐ.சி.எம்.ஆரில் நிதியுதவி உண்டு. குழந்தைகளிடம் ஆய்வு செய்வதில் கூடுதல் பொறுப்பு இருப்பதையும் இங்கேதான் கற்கிறார்கள்: பெற்றோரின் கையெழுத்து போதாது, ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் அதற்குப் புரியும் மொழியில் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும்.

துறைக்குள் வந்தபின், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினருக்கான இந்திய எண்டோகிரைன் சங்கம் (இஸ்பே) இளம் மருத்துவர்களுக்காகச் சில நாட்கள் தங்கிப் படிக்கும் பயிற்சிப் பள்ளியை நடத்துகிறது. வெளிநாட்டு ஆசிரியர்களும் வருவார்கள். மாணவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டு, அவர்கள் கொண்டுவரும் நோயாளிகளின் விவரங்களை உட்கார்ந்து அலசுவார்கள். ஆசிய பசிபிக் சங்கமும் இதுபோலப் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது. வெளிநாட்டில் ஆய்வு செய்யப் போகும் பலருக்கு முதல் அறிமுகம் இப்படிப்பட்ட மேசையில்தான் கிடைக்கிறது என்பதால் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐரோப்பியச் சங்கமான எஸ்பே 1962ல் தொடங்கியது. ஆய்வு ஃபெல்லோஷிப், வேறொரு மையத்துக்குச் சில மாதம் சென்று கற்க உதவித்தொகை, கோடை குளிர்காலப் பள்ளிகள் என்று பல அதனிடம் உண்டு. உறுப்பினராக இருக்க வேண்டும், உறுப்பினர் ஒருவரின் பரிந்துரை வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் ஆண்டுதோறும் மாறும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் இணையப் பாடங்கள் எல்லோருக்கும் இலவசம். இன்றிரவே தொடங்கலாம். குழந்தை நீரிழிவுக்கான சர்வதேசச் சங்கமான இஸ்பாடும் இளம் மருத்துவர்களுக்கு அறிவியல் பள்ளியும் ஆய்வு ஃபெல்லோஷிப்பும் வைத்திருக்கிறது.

எஸ்பே செய்த ஒரு காரியம் எங்களை மிகவும் கவர்ந்தது. ஆப்பிரிக்காவில் இத்துறை மருத்துவர்கள் ஏறக்குறைய இல்லாதிருந்த நிலையில் 2008ல் கென்யாவின் நைரோபியில் பயிற்சி மையம் ஒன்று தொடங்க உதவியது. பின்னர் நைஜீரியாவின் லாகோஸிலும் ஒன்று வந்தது. பயிற்சி பதினெட்டு மாதம். அதில் ஒரு பகுதியாக ஒவ்வொருவரும் தம் சொந்த நாட்டுக்குத் திரும்பி அங்கேயே ஓர் ஆய்வைச் செய்து முடிக்க வேண்டும். தம் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த நோய் இருக்கிறது, எந்த வயதில் வருகிறார்கள், ஏன் தாமதமாகிறது என்று அவரே எண்ணிப் பார்க்கிறார். அந்த எண்ணிக்கையோடு போய்ச் சுகாதாரத் துறையின் கதவைத் தட்டினால் கேட்பவர் காது கொடுப்பார். நம் மாவட்டத்தில் இந்தக் கணக்கு இன்றுவரை யாரிடமும் இல்லை.

இங்கிலாந்து செல்ல விரும்புவோருக்கு மருத்துவப் பயிற்சித் திட்டம் (எம்.டி.ஐ.) உண்டு. அங்குள்ள குழந்தை மருத்துவக் கல்லூரி வழியாக, பிளாப் தேர்வு இல்லாமல், அதிகபட்சம் இரண்டாண்டு பணியாற்றிக் கற்றுத் திரும்பலாம். அமெரிக்காவில் ஃபெல்லோஷிப் மூன்றாண்டு. முதலாண்டு பெரும்பாலும் நோயாளிகள், மற்ற இரண்டில் ஆய்வுக்கே அதிக நேரம். ஆனால் அதற்கு முன் அங்கே மூன்றாண்டு குழந்தை மருத்துவ ரெசிடென்சி முடித்திருக்க வேண்டும். அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பயிற்சி நிதிகள் சில குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டுமே. இது தெரியாமல் ஒரு வருடத்தை வீணாக்கிய தம்பி ஒருவரை எங்களுக்குத் தெரியும்.

செலவைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. சிறுபான்மை மாணவர்களின் எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வுக்கு 2009 முதல் வந்த மௌலானா ஆசாத் தேசிய ஃபெல்லோஷிப்பை ஒன்றிய அரசு 2022ல் நிறுத்திவிட்டது. வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த பதோ பர்தேஷ் திட்டமும் அதே ஆண்டோடு நின்றது. வட்டி வேண்டாம் என்று நம்மில் பலர் அந்தக் கடனை வாங்கியதில்லை. ஆனாலும் இருந்த ஒரு வழி அடைபட்டது அடைபட்டதுதான். ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, உறுப்பு நாடல்லாத இந்தியா போன்ற நாடுகளின் முஸ்லிம் மாணவர்களுக்கும் 1980களிலிருந்தே உதவித்தொகை தந்துவருகிறது. முனைவர் பட்டம், அதற்குப் பிந்தைய ஆய்வு ஆகியவற்றுக்கும் உண்டு. எந்தெந்தத் துறைகள் என்பதை அவ்வாண்டு அறிவிப்பில் பார்க்க வேண்டும். ஆய்வையே பாதையாக எடுத்துக்கொள்ளும் மருத்துவர்களுக்கு 2008ல் தொடங்கிய இந்தியா அலையன்ஸின் ஃபெல்லோஷிப்புகளில் சம்பளமும் ஆய்வுச் செலவும் சேர்த்தே கிடைக்கும். போட்டி கடுமை.

எங்கள் அனுபவத்தில் நம் பிள்ளைகள் பெரிய தொகையில் இடறுவதில்லை. தேர்வுக் கட்டணம், சங்க உறுப்பினர் கட்டணம், மாநாட்டுக்கு ரயில் டிக்கெட், உதவித்தொகை கிடைத்தும் முதல் மாதச் சம்பளம் வரும்வரை வெளியூரில் வாடகை என்று முப்பதாயிரம் நாற்பதாயிரத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். முப்பது வயதில், நிக்காஹ் முடிந்து ஒரு குழந்தையும் இருக்கும் நேரத்தில், வாப்பாவிடம் போய்க் கேட்க வெட்கம். பெண் மருத்துவர்களுக்கு இன்னொரு சிரமம்: "இன்னும் எத்தனை வருஷம் படிப்பு?" என்ற கேள்வி. பூப்படைதல் தொடர்பான நோய்க்கு மகளை அழைத்துவரும் உம்மாமார்கள் பெண் டாக்டரைத்தான் தேடுகிறார்கள் என்பதை அந்தக் கேள்வியைக் கேட்கும் மாமியார்கள் ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

சம்பளம் வாங்கும் மருத்துவருக்கு ஜகாத் நிதி பொருந்துமா என்று ஆலிம்களிடம் கேட்டோம். அவரவர் நிலையைப் பார்த்தே சொல்ல முடியும் என்றார்கள். அதனால் இதற்கு ஜகாத்தைத் தொடாமல், ஸதகா மற்றும் பொதுக் கல்வி நிதியிலிருந்து கர்ழன் ஹஸனாவாகத் தருவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. திரும்பச் செலுத்த மூன்றாண்டு. அதோடு ஒரு நிபந்தனை: பயிற்சி முடித்தவர் இரண்டாண்டுக்கு மாதம் ஒரு நாள் நம் மருத்துவ முகாமில் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். நோன்பு காலத்தில் விடுமுறை உண்டு.

விண்ணப்பிப்பவர்கள் எம்.டி. சான்றிதழின் நகலோடு, எந்தப் பயிற்சிக்குச் செல்ல விரும்புகிறார்கள், எந்த நோயைப் பற்றி என்ன கேள்வி அவர்கள் மனதில் இருக்கிறது என்று ஒரு பக்கம் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொண்டுவர வேண்டும். ஜமாஅத் கடிதம் தேவையில்லை. அலுவலகம் மஃரிபுக்குப் பின் இஷா வரை திறந்திருக்கும். அந்த எட்டு மாதக் குழந்தைக்கு இப்போது ஒன்றே கால் வயது. தலை நின்றுவிட்டது, உட்காருகிறது. மாத்திரைக்கான அளவைச் சரிபார்க்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதன் வாப்பா இருநூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வருகிறார்.